ஓட்டல் ரூம் கிளீன் பண்றவங்களுக்கு டிப்ஸ்: எவ்ளோ, எப்போ, எங்க வைக்கணும்

ஓட்டல்ல ரூம் காலி பண்ணிட்டு கிளம்பும்போது பெட்டிய தூக்கிட்டு வந்த தம்பிக்கு 100 ரூபா குடுக்கிறோம், கேட்ல சல்யூட் வச்ச செக்யூரிட்டி அண்ணனுக்கு ஒரு 50 குடுக்கிறோம், ரெஸ்டாரண்ட்ல பில் வச்ச அட்டைக்குள்ள மீதிச் சில்லறைய விட்டுட்டு எந்திரிக்கிறோம். ஆனா மூணு நாளா நம்ம தலைமுடி அடைச்சுக்கிட்ட பாத்ரூம் ஜல்லடைய கையால எடுத்து சுத்தம் பண்ண அக்காவுக்கு ஒண்ணுமே குடுக்காம வந்துடறோம். குடுக்கக்கூடாதுன்னு யாரும் நினைக்கிறதில்ல, அவங்கள நாம கண்ணால பாத்ததே இல்ல, அவ்ளோதான் காரணம். நாம கோயிலுக்கோ பீச்சுக்கோ போன நேரத்துல வந்து வேலைய முடிச்சுட்டு போயிடுவாங்க, அப்படி கண்ணுல படாம வேலை பாக்கணும்னுதான் அவங்களுக்கு சொல்லியே குடுத்திருப்பாங்க.

நான் ஏழு வருஷம் ஹவுஸ்கீப்பிங்ல, அதாவது ஓட்டல் ரூம் சுத்தம் பண்ற பிரிவுல இருந்தேன், ரூம் அட்டெண்டன்ட்டா சேர்ந்து ஃப்ளோர் சூப்பர்வைசர் வரைக்கும். இப்போ வேற வேலை, ஆனா சொந்தக்காரங்க யாராவது டூர் போனா இன்னமும் எனக்கு போன் பண்ணி கேப்பாங்க, "ரூம் கிளீன் பண்றவங்களுக்கு காசு குடுக்கணுமா, எவ்ளோ குடுக்கணும், நேர்ல பாக்கலைன்னா எங்க வைக்கிறது"ன்னு. எல்லாருக்கும் தனித்தனியா சொன்னத இங்க மொத்தமா எழுதிடறேன்.

குடுக்கணுமான்னு கேட்டா, சட்டப்படி கட்டாயம் எதுவும் இல்ல, குடுக்கலைன்னா யாரும் கேக்கப் போறதும் இல்ல. ஆனா முடிஞ்சா குடுங்க. முக்கியமா மூணு விஷயம், தினமும் குடுங்க, கண்ணுக்கு தெரியற இடத்துல வைங்க, இது உங்களுக்குத்தான்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வைங்க. எவ்ளோங்கிறத விட இந்த மூணும்தான் முக்கியம், ஏன்னு சொல்றேன்.

தினமும் ஏன்னா, நீங்க மூணு நாள் தங்கினா மூணு நாளும் ஒரே ஆள்தான் உங்க ரூமுக்கு வருவாங்கன்னு சொல்ல முடியாது. வாராந்திர லீவு இருக்கு, ஷிஃப்ட் மாறும், காலைல சூப்பர்வைசர் ரூம் லிஸ்ட் பிரிச்சு குடுக்கும்போது ஃப்ளோரே மாறிப்போகும். நீங்க கடைசி நாள் மொத்தமா 300 ரூபா வச்சுட்டு வந்தீங்கன்னா அன்னிக்கு டூட்டில இருக்கிறவங்களுக்கு அது போயிடும், முதல் ரெண்டு நாள் உங்க குழந்தை வாந்தி எடுத்த பெட்ஷீட்ட மாத்தினவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அதனால காலைல வெளிய கிளம்பும்போது அன்னிக்கான காச அன்னிக்கே வச்சுடுங்க.

சீட்டு ஏன்னு கேட்டா, இதுதான் வெளிய இருக்கிறவங்களுக்கு தெரியாத விஷயம். ஓட்டல்ல வேலைக்கு சேர்ந்த முதல் நாளே சொல்லிக் குடுக்கிற பாடம், கெஸ்ட்டோட காசு, நகை, போன் எதையும் தொடாதே, கீழ கிடந்தா கூட சூப்பர்வைசர கூப்பிட்டு காட்டிட்டு எடு. ரூம்ல ஏதாவது காணோம்னா முதல்ல சந்தேகம் விழறது ஹவுஸ்கீப்பிங் மேலதான், பூட்டை யார் எப்போ திறந்தாங்கன்னு எலக்ட்ரானிக் லாக்லயே பதிவாகி இருக்கும். அந்த பயத்துலயே வேலை பாக்கிறவங்க, நீங்க டேபிள் மேல சும்மா விட்டுட்டு போன 200 ரூபா நோட்ட பாத்தா அது டிப்ஸா மறந்து வச்சதான்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?

நான் சேர்ந்த புதுசுல ஒரு செக்-அவுட் ரூம்ல டேபிள் லேம்ப்புக்கு அடியில 500 ரூபா இருந்துச்சு. என்கூட வேலை பாத்த அக்கா ரூம் பூராவும் பெருக்கி துடைச்சு, பெட் போட்டு, டவல் மாத்தி எல்லாம் முடிச்சாங்க, லேம்ப்ப மட்டும் தொடவே இல்ல, அதை சுத்தி துடைச்சுட்டு எனக்கு போன் போட்டு "நீ வந்து பாரு, நான் தனியா எடுக்க மாட்டேன்"னாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்து, ரூம் நம்பர், தேதி, நேரம் எல்லாம் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ரிஜிஸ்டர்ல எழுதி ஆபீஸ்ல குடுத்தோம். தேடி யாரும் போன் பண்ணல. அந்த ரூம்ல தங்கினவர் அந்த அக்காவுக்குத்தான் வச்சுட்டு போயிருப்பார்னு எனக்கு இன்னிக்கும் தோணும், நாலு நாள் தங்கினாரு, அக்காதான் நாலு நாளும் அந்த ரூம பாத்தாங்க. ஒரு வரி எழுதி வச்சிருந்தார்னா காசு அவங்க கைக்கு போயிருக்கும்.

அதனால ரூம்ல இருக்கிற நோட் பேட்ல ஒரு தாள கிழிச்சு "ஹவுஸ்கீப்பிங்குக்கு, ரொம்ப நன்றி"ன்னு எழுதி, ரூம் நம்பரும் தேதியும் போட்டு, காச அது மேல வச்சு, தண்ணி டம்ளர பாரமா வச்சுட்டு போங்க, ஃபேன் காத்துல பறக்காம இருக்கும். தமிழ்நாட்டு ஓட்டல்கள்லயே இப்போ நிறைய பேர் ஒடிசா, ஜார்கண்ட், அசாம், மணிப்பூர், நேபாளம்னு வந்து வேலை பாக்கிறாங்க, தமிழ் படிக்க வராது, அதனால இங்கிலீஷ்லயும் ஒரு தேங்க்யூ எழுதிட்டா நல்லது. தலகாணி மேலயும் வைக்கலாம். தலகாணிக்கு அடியில மட்டும் வேணாம், பெட்ஷீட்ட உருவும்போது அதோட சுருண்டு லாண்டரிக்கு போயிடும். பாத்ரூம்ல வேணாம், நனையும். உங்க பர்ஸ், வாட்ச், சார்ஜர் இருக்கிற இடத்துலயும் வேணாம், உங்க பொருளோட கலந்து இருந்தா சீட்டு இருந்தாலும் எடுக்க பயப்படுவாங்க.

எவ்ளோங்கிற கணக்குக்கு வருவோம். இது என்னோட கணக்கு, ரூல் புக்குல இருக்கிறது இல்ல. கோயில் ஊர் லாட்ஜ், மதுரை பழனி ராமேஸ்வரம் வேளாங்கண்ணி மாதிரி, ஒரு நாள் வாடகை 1,000, 1,500 ரூபான்னா ரூமுக்கு ஒரு நாளைக்கு 30லேருந்து 50 ரூபா போதும். 2,500லேருந்து 5,000 வரைக்கும் வாடகை இருக்கிற இடத்துல 50லேருந்து 100. அதுக்கு மேல இருக்கிற பெரிய ஓட்டல், ரிசார்ட்டுன்னா 100லேருந்து 200. இது ஆளுக்கு இல்ல, ரூமுக்கு. ஆனா ஒரே ரூம்ல எக்ஸ்ட்ரா பெட் போட்டு அஞ்சு பேர் படுத்திருந்தா, சின்னக் குழந்தை இருந்தா, பீச்லேருந்து மணலோட வந்து அப்படியே பாத்ரூம்ல இறங்கினா, கொஞ்சம் கூட வைங்க. ராத்திரி 11 மணிக்கு போர்வை கேட்டு, திரும்ப தலகாணி கேட்டு, திரும்ப கொசுவத்தி கேட்டு நாலு தடவை ஏத்தி இறக்கினீங்கன்னா கொண்டு வந்தவர் கையிலயே 20, 50 குடுத்துடுங்க, அவர் காலைல ரூம் கிளீன் பண்றவர் கிடையாது, நைட் ஷிஃப்ட் ஆள்.

நிறைய பேர் "அதான் பில்லுல டாக்ஸ் எல்லாம் போட்டுட்டாங்களே"ம்பாங்க. பில்லுல இருக்கிற ஜிஎஸ்டி அரசாங்கத்துக்கு போற காசு, 2025 செப்டம்பர் 22லேருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18 சதவீதம், அதுல ஒரு பைசா கூட ரூம் கிளீன் பண்றவங்களுக்கு வராது. சர்வீஸ் சார்ஜ்னு தனியா ஒரு தொகை இருந்தா அது வேற. அதை கஸ்டமர கேக்காம தானா பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அப்படி ஒரு தொகை பில்லுல இருந்தா ரிசப்ஷன்ல மரியாதையா கேட்டு எடுக்கச் சொல்லிட்டு, அந்த காச நீங்களே நேரா குடுத்துடுங்க.

ரிசப்ஷன்ல ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், டிப்ஸ் பாக்ஸ்னு. அதுல போட்டா ஓட்டலுக்கு ஓட்டல் வேற மாதிரி பிரிப்பாங்க, சில இடத்துல ஸ்டாஃப் எல்லாருக்கும் சமமா போகும், சில இடத்துல கான்ட்ராக்ட் ஆளுங்க அந்த லிஸ்ட்லயே இருக்க மாட்டாங்க. ஹவுஸ்கீப்பிங்ல பல பேர் கான்ட்ராக்ட்லதான் இருப்பாங்க நிறைய இடத்துல. அதனால பெட்டில போடறதும் நல்லதுதான், ஆனா ரூம்ல வைக்கிறதுக்கு பதிலா அத செய்யாதீங்க.

சில்லறை இல்லைங்கிறதுதான் இப்போ பெரிய பிரச்சனை, எல்லாம் ஜிபேல பழகிட்டோம். ரூம் அட்டெண்டன்ட் டூட்டில போன் வச்சுக்க பல ஓட்டல்ல விடமாட்டாங்க, லாக்கர்ல வச்சுட்டுதான் ஃப்ளோருக்கு வரணும், அதனால ஸ்கேன் பண்ணி குடுக்கலாம்னு நினைச்சா நடக்காது. ஊருக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே நாள் கணக்கு பண்ணி 50, 100 நோட்டா மாத்தி ஒரு கவர்ல தனியா எடுத்து வச்சுக்கோங்க. மறந்துட்டா செக்-இன் பண்ணும்போதே ரிசப்ஷன்ல 500க்கு சில்லறை கேளுங்க, குடுப்பாங்க.

ஒரு ரூமுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா எவ்ளோ குடுக்கலாம்னு உங்களுக்கே புரியும். நான் இருந்த இடத்துல ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒருத்தருக்கு 14 ரூம். கெஸ்ட் இருக்கிற ரூம்னா இருபது நிமிஷத்துல முடிக்கலாம், செக்-அவுட் ரூம்னா அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், ஏன்னா பெட் முழுசா உருவணும், பெட்டுக்கு அடியில பாக்கணும், கமோடு, ஷவர் கண்ணாடில படிஞ்ச உப்பு, அலமாரி, ஃபிரிட்ஜ், டிவி ரிமோட் வரைக்கும் துடைக்கணும். மெத்தையோட ஒவ்வொரு மூலையையும் ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஷீட்ட உள்ள சொருகணும், ஒரு பெட்டுக்கு நாலு மூலை, ரெண்டு பெட் இருந்தா எட்டு, இப்படி நாள் பூரா. ரெண்டு வருஷம் இந்த வேலை பாத்த யார வேணா கேளுங்க, இடுப்பையும் மணிக்கட்டையும்தான் முதல்ல காட்டுவாங்க. எனக்கு இன்னமும் வலது மணிக்கட்டுல குளிர் காலத்துல வலி வரும்.

கல்யாண வீட்டுக்காரங்களுக்கு தனியா சொல்லணும். முகூர்த்தத்துக்கு பத்து ரூம், இருபது ரூம்னு ஒரு ஃப்ளோரையே எடுப்பீங்க, அந்த ரெண்டு நாள்தான் ஹவுஸ்கீப்பிங்குக்கு உயிர் போற நாள். வெள்ளை டவல்ல மஞ்சள் கறை, தலகாணி உறைல மருதாணி, பெட்ஷீட்ல குங்குமம், வாஷ்பேசின்ல ஹேர் டை, தரை பூரா உதிர்ந்த மல்லிப்பூ, பூ கட்டின வாழை நார் பாத்ரூம் ஓட்டைல போய் அடைச்சு தண்ணி நிக்கும், கண்ணாடி பூரா ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு. மஞ்சள் கறை லாண்டரில போகலைன்னா அந்த டவல் கழிவுக்குத்தான் போகும். சமையல்காரருக்கு, நாதஸ்வரக்காரருக்கு, ஐயருக்கு, டிரைவருக்கு எல்லாம் கவர்ல பேர் எழுதி தயாரா வச்சிருப்பீங்க, அந்த லிஸ்ட்ல ஹவுஸ்கீப்பிங்னு ஒரு கவரையும் சேருங்க, ரூமுக்கு 100 வீதம் கணக்கு பண்ணி. பத்து ரூம்னா 1,000 ரூபா, கல்யாணச் செலவுல அது ஒரு செலவே இல்ல. அதை ஃப்ளோர் சூப்பர்வைசர கூப்பிட்டு, கிளீன் பண்றவங்க ரெண்டு பேராவது கூட நிக்கும்போது அவங்க முன்னாடியே குடுங்க, அப்போதான் சரியா பிரியும். ஒருத்தர் எனக்கு தெரிஞ்சு ஒவ்வொரு ரூம்லயும் ஒரு தாம்பூலப் பை வச்சு, உள்ள தேங்காய் வெத்தலபாக்கோட 100 ரூபாயும் "ரூம் சுத்தம் பண்றவங்களுக்கு"ன்னு ஒரு சீட்டும் வச்சுட்டு போனார், அந்த ஃப்ளோர் ஆளுங்க அத ரொம்ப நாள் பேசிட்டு இருந்தாங்க, எங்களையும் கல்யாணத்துக்கு வந்தவங்களா நினைச்சுட்டாங்களேன்னு.

பொருளா குடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய ஓட்டல்கள்ல ஸ்டாஃப் வெளிய போகும்போது கேட்ல பைய திறந்து காட்டணும். நீங்க ஆசையா குடுத்த ஸ்வீட் பாக்ஸோ, புது சட்டையோ, குழந்தை பொம்மையோ பையில இருந்தா எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. அதனால பொருள் குடுத்தா "இதை நான்தான் குடுத்தேன்"னு சீட்டுல எழுதி கையெழுத்து போட்டு, ரூம் நம்பர் போட்டு குடுங்க, ரிசப்ஷன்லயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவங்க கேட் பாஸ் போட்டு குடுப்பாங்க. பாதி சாப்பிட்ட பிஸ்கட், திறந்த ஷாம்பு, பழைய துணி, இதெல்லாம் டிப்ஸ் கணக்குல வராது, வேணாம்.

ஆம்பளைங்க தனியா தங்கியிருந்தா, ரூமுக்கு ஒரு அக்காவோ தங்கச்சியோ கிளீன் பண்ண வந்திருந்தா, கதவ நல்லா திறந்து வச்சுட்டு வெளிய வந்து நில்லுங்க, காச கைல குடுக்காம டேபிள்ல வச்சுட்டு "உங்களுக்குத்தான்மா"ன்னு சொல்லிட்டு போங்க. நீங்க நல்ல மனசோடதான் குடுப்பீங்க, ஆனா மூடின ரூமுக்குள்ள காசு நீட்டற கை எப்படிப்பட்ட கைன்னு அவங்களுக்கு தெரியாது, அந்த பயம் எனக்கு தெரியும்.

குடுக்க முடியாத நிலைமைல இருக்கிறவங்களும் இருக்காங்க. வேலூர்ல ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கிற லாட்ஜ்கள்ல வைத்தியத்துக்குன்னு வங்காளத்துலேருந்து, ஜார்கண்ட்லேருந்து வந்து வாரக்கணக்கா தங்கி, ரூம்லயே கஞ்சி வச்சு குடிச்சு, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் எண்ணி எண்ணி செலவு பண்றவங்க இருக்காங்க. அவங்க டிப்ஸ் குடுக்கணும்னு நான் சொல்லவே மாட்டேன், அங்க வேலை பாக்கிறவங்களும் எதிர்பாக்கறதில்ல. காலைல வர்ற ஆளோட பேர கேட்டு ரெண்டு வார்த்தை பேசினா போதும். அங்க ஒரே ஒரு உதவி பண்ணுங்க, ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு, கட்டு, இதெல்லாம் சாதா குப்பைக்கூடைல போடாம தனியா கட்டி வச்சு சொல்லிட்டு குடுங்க, கூடைக்குள்ள கைய விட்டு குத்திக்கிட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

காசு குடுக்கறவங்களும் சரி குடுக்காதவங்களும் சரி, செய்யக்கூடியது இன்னும் கொஞ்சம் இருக்கு. ஈர டவல பெட் மேல போடாம பாத்ரூம்ல ஒரே இடத்துல குவிச்சு வைங்க. சாப்பாட்டு பார்சல் மிச்சத்த கவர்ல கட்டி கதவுகிட்ட வைங்க, சாம்பார கமோடுல கொட்டாதீங்க. பெட்ஷீட்ட உருவி மடிச்சு வைக்கிறது உதவின்னு சில கெஸ்ட் நினைப்பாங்க, அது வேணாம், உங்க கம்மலோ ஹெட்போனோ அதுக்குள்ள சுருண்டு போயிடும். கிளம்பும்போது ஃபீட்பேக் ஃபார்ம்லயோ கூகுள் ரிவ்யூலயோ ரூம் நல்லா இருந்துச்சுன்னு எழுதும்போது கிளீன் பண்ணவங்க பேரையும் போடுங்க, சட்டைல பேட்ஜ் இருக்கும். அந்த பேர மேனேஜர் காலைல ஸ்டாஃப் நிக்கும்போது வாசிப்பார், மாசாமாசம் நல்ல ஊழியர்னு தேர்ந்தெடுக்கும்போது அது கணக்குல வரும்.

ரூம் சுத்தமாவே இல்லைன்னா? குடுக்க வேணாம், ஆனா மனசுல வச்சுக்கிட்டு போகாதீங்க, ஹவுஸ்கீப்பிங்குக்கு போன் பண்ணி "பாத்ரூம் இன்னொரு தடவை பாக்க முடியுமா"ன்னு கேளுங்க. 10க்கு 9 தடவை வந்து பண்ணிக் குடுப்பாங்க. மூணு நாள் கதவுல டூ நாட் டிஸ்டர்ப் போர்டு மாட்டிட்டு நாலாவது நாள் ரூம் குப்பையா இருக்குன்னு சண்டை போடறது நியாயம் இல்ல.

வெளிநாடு போறவங்களுக்கு சுருக்கமா. அமெரிக்காவுல பிள்ளைங்கள பாக்கப் போற அப்பா அம்மா கேக்கறது, அங்க ஓட்டல்ல தங்கினா எவ்ளோன்னு. அங்க இருக்கிற ஓட்டல்காரங்க சங்கமே ஒரு ராத்திரிக்கு 1லேருந்து 5 டாலர் வரைக்கும், தினமும் வைக்கணும்னு சொல்லியிருக்கு, நான் 3லேருந்து 5ன்னு சொல்வேன். 2014ல மேரியட்ங்கிற பெரிய ஓட்டல் கம்பெனி அமெரிக்காவுலயும் கனடாவுலயும் ரூம்கள்ல டிப்ஸ் வைக்கிறதுக்குன்னே கவர் வச்சாங்க, அப்போ சம்பளத்த நீங்க கூட்டிக் குடுக்காம கெஸ்ட்ட ஏன் கேக்கறீங்கன்னு பெரிய விவாதம் ஆச்சு, அந்த கேள்வி நியாயமான கேள்விதான், நம்ம ஊருக்கும் பொருந்தும். ஆனா சம்பளம் கூடற வரைக்கும் அந்த அக்கா பஸ்ஸுக்கு காசு குடுக்கணும்ல. கொரோனாவுக்கு அப்புறம் அங்க நிறைய ஓட்டல்ல கேட்டாதான் தினமும் கிளீன் பண்றாங்க, அப்படின்னா கிளீன் பண்ண நாளுக்கு குடுங்க, கடைசி நாள் கொஞ்சம் கூட வைங்க, ஏன்னா நாலு நாள் அழுக்கு மொத்தமும் அன்னிக்கு ஒருத்தர் தலைலதான் விழும்.

ஜப்பான்ல வைக்காதீங்க, மறந்துட்டு போயிட்டீங்கன்னு நினைச்சு திருப்பிக் குடுக்க ஓடி வருவாங்க, நன்றின்னு ஒரு சீட்டு மட்டும் வைங்க. சிங்கப்பூர்ல ஓட்டல் பில்லுலயே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து வரும், அதுக்கு மேல யாரும் எதிர்பாக்கறதில்ல, குடுத்தா வாங்கிப்பாங்க. மலேசியாவுல வெளிநாட்டுக்காரங்க ஒரு ராத்திரிக்கு ரூமுக்கு 10 ரிங்கிட் கட்டறது டூரிசம் டாக்ஸ், அதை டிப்ஸ்னு நினைச்சுக்காதீங்க. எங்க போனாலும் மிச்சமான வேற நாட்டுச் சில்லறைய வச்சுட்டு வராதீங்க, நாணயத்த பெரும்பாலான மணி எக்ஸ்சேஞ்ச்ல மாத்த முடியாது.

கடைசியா செக்-அவுட் அன்னிக்கு ஒண்ணு கவனிக்கணும். நீங்க சாவிய குடுத்த உடனே ரிசப்ஷன்லேருந்து மேல போன் போகும், ஒருத்தர் வந்து மினி பார், டவல், ரிமோட் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு போவார், கிளீன் பண்ற ஆள் அதுக்கு அப்புறம்தான் ரூமுக்குள்ள வருவாங்க. அதனால அன்னிக்கு மட்டும் காச ரூம்ல வைக்காம, பெட்டிய எடுத்துட்டு வெளிய வந்ததும் காரிடார்ல பாருங்க. டவலும் சோப்பும் அடுக்கின ட்ராலி ஏதாவது ஒரு ரூம் வாசல்ல நிக்கும், உள்ள தண்ணி சத்தம் கேக்கும். திறந்த கதவ லேசா தட்டிட்டு வெளியவே நில்லுங்க. கைய துடைச்சுக்கிட்டு வருவாங்க, ஏதோ கம்ப்ளெயின்ட் சொல்லத்தான் வந்திருக்கீங்கன்னு முகம் கொஞ்சம் பயந்து இருக்கும். "304 காலி பண்றோம்க்கா, மூணு நாளும் ரூம் நல்லா வச்சிருந்தீங்க"ன்னு சொல்லிட்டு குடுங்க.